ஆராய்ச்சிக்காகக் கொட்டடிக்குள் போன சாம்சன்

வல்லம் வடகாலில் சாம்சனின் குரலை அறியாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுதான் அங்கே குடிவந்திருக்க வேண்டும். காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலை முனையில் நிற்கும் மனைவியை, வீட்டு வாசலில் நின்றபடியே, "இசைவாணீ, கொடைய வுட்டுட்டுப் போறியே!" என்று கூப்பிடுவார். இசைவாணி திரும்புகிறாளோ இல்லையோ, அங்கே நிற்கும் பெண்களில் பாதிப் பேர் பைக்குள் கையை விட்டுத் தங்கள் குடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

அந்தக் குரல்தான் தனக்குச் சோறு போடுகிறது என்பது சாம்சனின் நம்பிக்கை. அவர் அந்தப் பக்கத்துக் கிளைச் சிறை ஒன்றில் வார்டர். சின்னச் சிறை. எதிரெதிராக இரண்டு கொட்டடிகள், நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், முன்புறம் கண்காணிப்பாளர் அறை, அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்கள் எல்லாம் விசாரணைக் கைதிகள். தொழிற்சாலைச் செம்புக் கம்பியைச் சுருட்டியவர்கள், மதுக்கடை வாசலில் மண்டையை உடைத்தவர்கள், ஒரே மனையை ஊருக்கெல்லாம் விற்றவர்கள்.

இவர்களைச் சாம்சன் கண்காணித்த முறை மிகவும் எளிமையானது. வாசல் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். உள்ளே ஏதாவது சலசலப்பு கேட்டால், தலையைத் தூக்காமலே, "அங்க இன்னாடா சத்தம்?" என்பார். இரண்டு கொட்டடிகளும் அடங்கிவிடும். எதனால் சத்தம் வந்தது, யார் யாரை அடித்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. மறுநாள் காலை எவனாவது உதடு வீங்கி நிற்பான். கேட்டால், "வழுக்கி வுழுந்துட்டேன் சார்" என்பான். அங்கே வழுக்கி விழுந்தவர்கள் கணக்கு ஏறிக்கொண்டே போய், கடைசியில் பொதுப்பணித் துறையிலிருந்து ஆள் வந்து தரையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் கவிழ்த்தது ஒரு கபடிப் போட்டி. மாதா கோயில் திருவிழாவுக்கு ஊர்ப் பையன்கள் போட்டி வைத்திருந்தார்கள். முதல் ஆட்டம் தொடங்கும்போதே மைக் செட் புகைந்து அணைந்துவிட்டது. "மைக்கு எதுக்குடா? நான் இல்ல?" என்று சாம்சன் நாற்காலி மேல் ஏறினார். காலையிலிருந்து இறுதி ஆட்டம் வரை வெறுந்தொண்டையில் வர்ணனை. பிள்ளைப்பாக்கம் அணி கோப்பையைத் தூக்கியபோது, "வெற்றி, வெற்றி" என்று வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "குரல் நாண் ரெண்டும் பணியாரம் மாதிரி வீங்கிக் கெடக்குது. நான் சொல்றவரைக்கும் பேசவே கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது. அது இன்னும் கெடுதல்."

வீட்டில் இந்தச் செய்தியை யாரும் துக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. "இன்னாங்க, டிவியில இன்னா சொல்றாங்கன்னே எனக்கு இப்பதான் காதுல வுழுது" என்றாள் இசைவாணி. அவள் ஒரகடத்தில் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் லைன் லீடர். இயந்திரச் சத்தத்தில் அங்கே எவ்வளவு கத்தினாலும் எடுபடாது. அதனால் அந்தப் பக்கத்து லைன்களில் எல்லாம் கையாலேதான் பேச்சு. விரல்களை மடக்கி முட்டியை உயர்த்தினால் நிறுத்து. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமர்த்தினால் மெதுவாக. விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டால் அடுத்த ஆள் வா. அந்தப் பாஷையை அவள் கணவனுக்கும் பழக்கினாள். சாதம் போதும் என்பதற்கு முட்டி, குழம்பு இன்னும் வேண்டும் என்பதற்கு வட்டம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் சாப்பாடு அவ்வளவு அமைதியாக நடந்ததில்லை.

சிறையில்தான் சிக்கல். காலையில் பெயர் கூப்பிட முடியாத வார்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கண்காணிப்பாளர் இராமச்சந்திரன் மோவாயைத் தடவிக்கொண்டிருந்த அதே வாரத்தில்தான் கோதா வந்து சேர்ந்தாள்.

கோதா ஸ்ரீபெரும்புதூர்ப் பெண். அப்பா பராங்குசம், பெருமாள் கோயிலில் பாசுரம் பாடிச் சேவிப்பவர். மகள் குற்றவியல் படித்துவிட்டு, சிறைகளில் கைதிகளைக் கண்காணிக்கும் முறைகளை ஆராயக் கிளம்பியிருந்தாள். மேலிடத்து அனுமதிக் கடிதமும் கையில் இருந்தது.

"இப்ப நடக்கறது, காவலர் வெளியில நின்னு கம்பி வழியா எட்டிப் பாக்கற முறை" என்று அவள் விளக்கினாள். "இன்னொண்ணு, காவலர் உள்ளேயே அவங்களோட உக்காந்திருக்கற முறை. லத்தி கிடையாது. சண்டை வர்றதுக்கு முன்னாடியே பேசித் தணிச்சிடணும். ஒரு கொட்டடியில பழைய முறை, இன்னொண்ணுல புது முறை. எதுல சண்டை குறையுதுன்னு பாக்கப் போறேன்."

"உள்ளயேன்னா?" என்றார் இராமச்சந்திரன். "பூட்டின கம்பிக்கு அந்தப் பக்கமா?"

"ஆமா சார். யாரு உள்ள போறதுங்கறதை மட்டும் குலுக்கிப் போட்டுத்தான் எடுக்கணும். நாமளா ஆளைப் பொறுக்கினா ஆராய்ச்சி செல்லாது."

வார்டர்களிடம் விஷயம் போனதும் ஒருவருக்கு முதுகுவலி வந்தது. இன்னொருவருக்கு மாமியார் சீரியஸ். பாபு என்கிற வார்டர், "ஐயா, என் ஜாதகத்துலயே செறைவாசம் இருக்குதுன்னு சொல்லிக்கிறாங்க. நானா போய்த் தேடிக்கணுமா?" என்று கண் கலங்கினார். இராமச்சந்திரன் யோசித்தார். சீட்டுகளை மடித்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினார். கோதா ஒன்றை எடுத்தாள். சாம்சன்.

"எப்படிப்பட்டவர் சார்?" என்று கேட்டாள்.

"அதிகம் பேசமாட்டார் மேடம்" என்றார் இராமச்சந்திரன். அந்த நிமிஷத்துக்கு அது சத்தியமான வார்த்தை.

கோதா சாம்சனைத் தனியாக உட்கார வைத்துப் பாடம் சொன்னாள். "முக்கியமான விஷயம், நீங்க அவங்களோட பேசிக்கிட்டே இருக்கணும்." சாம்சன் பரிதாபமாகத் தலையாட்டினார். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள் கதவு தனக்குப் பின்னால் பூட்டப்பட்டதும் சாம்சன் பயந்துபோய் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். சுவரில் முதுகை ஒட்டி நாற்காலியைப் போட்டு, வாயில் விசிலைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தார். கைதிகளுக்கு அதைவிடப் பயம். பெருங்குரல் சாம்சன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று அர்த்தம். மனை புரோக்கர் ரத்தினம் எல்லாருக்கும் ரகசியமாக எச்சரிக்கை கொடுத்தார்: "பட்டன்ல மைக்கு வெச்சிருப்பாங்க. ஒருத்தனும் கேஸப் பத்தி வாயத் தொறக்காதீங்க." அன்று முழுவதும் கொட்டடியில் இருமல் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாள் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு போனது. எங்களுக்குச் சொறிந்துகொள்ளக்கூடக் கூச்சமாக இருக்கிறது, தயவுசெய்து வார்டரை வெளியே எடுக்கவும் என்று.

ஆனால் எவ்வளவு நாள்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது? முதலில் வழிக்கு வந்தவர் ரத்தினமே. விற்காமல் ஒரு நாளைக் கழித்தால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

"சார், பிள்ளைப்பாக்கத்துல ஒரு மனை கீது. ரோட்டு மேல. உங்களுக்குன்னா ஒரு வெல சொல்றேன்."

சாம்சன் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"சரி, கொஞ்சம் கொறச்சிக்கலாம்."

மறுபடியும் தலையாட்டல். ரத்தினத்துக்கு வியர்த்துவிட்டது. இப்படி வாயைத் திறக்காமல் பேரம் பேசும் ஆளை அவர் தொழிலில் பார்த்ததே இல்லை. சாயங்காலத்துக்குள், தனக்குச் சொந்தமில்லாத அந்த மனையின் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கியிருந்தார்.

அடுத்து வந்தவன் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், வல்லத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மேஸ்திரியை அடித்த வழக்கு. அவன் வந்து நாற்காலிப் பக்கத்தில் தரையில் குத்தவைத்தான்.

"எங்கம்மா என்னைப் பாக்க வந்திருக்கா சார். சிங்கப்பெருமாள் கோவில் டேசன்ல எறங்கி, இந்த ஜெயில் எங்க இருக்குன்னு யார்ட்டயும் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, ஷேர் ஆட்டோவுல ஒவ்வொரு கம்பெனி வாசலா எறங்கி எறங்கிப் பாத்திருக்கா. பொழுது போயி திரும்ப ரயிலேறிட்டா."

சாம்சன் வாயைத் திறந்தார். 'மேஸ்திரியை அடிக்கும்போது இதெல்லாம் தெரியலியாடா?' என்ற வாக்கியம் வழக்கம்போல் தொண்டை வரை வந்து நின்றது. வெளியே வரவில்லை. பிறகு இசக்கியின் தோளில் கையை வைத்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார்" என்றான் அவன். "கேட்டியளே, அது போதும்."

அதற்குப் பிறகு வரிசை கட்டி நின்றார்கள். திட்டாத, அறிவுரை சொல்லாத, நடுவில் குறுக்கே பேசாத ஒரு மனிதர் கிடைத்தால் யார் விடுவார்கள்? ஒருவனுக்குப் பெண்டாட்டி மேல் சந்தேகம், ஒருவனுக்கு வக்கீல் மேல். இத்தனை வருஷத்தில் கைதிகளின் பெயர்களை உரக்கக் கூப்பிட்டிருக்கிறாரே ஒழிய, அந்தப் பெயருக்கு எந்த முகம் என்று சாம்சன் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு முகத்துக்குப் பின்னாலும் ஒரு குடும்பமே நின்றது. ராத்திரி வீட்டில் அதையெல்லாம் மனைவியிடம் கொட்டவும் வழியில்லை. விரலால் எத்தனை வட்டம்தான் போடுவது?

காலைக் குழாயடிதான் அங்கே நிரந்தரப் போர்க்களம். ஒரு காலை இசக்கியும் ரத்தினமும் ஒரே வாளியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். வாளி எந்நேரமும் ஆயுதமாக மாறலாம். சாம்சன் ஓடினார். கத்த வாயெடுத்தார், காற்று வந்தது. பதற்றத்தில் கை தானாக உயர்ந்தது. மடக்கிய முட்டி. இசக்கி சட்டென்று வாளியை விட்டுவிட்டு விறைத்து நின்றான். பிடியில்லாமல் போன ரத்தினம் வாளியோடு பின்னால் போய் உட்கார்ந்தார்.

"எலேய், லைன் ஸ்டாப்பு!" என்றான் இசக்கி. "சார், ஒங்களுக்கு எப்பிடி இது தெரியும்?"

உள்ளே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு லைனில் வேலை பார்த்தவர்கள். கை உயர்ந்தால் உடம்பு தானாக நிற்கும், வட்டம் போட்டால் கால் தானாக நகரும். ரத்தினத்துக்கு மட்டும் இசக்கி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தான். அன்றிலிருந்து குளியல், சாப்பாடு, வரிசை எல்லாம் கைச்சாடையில் ஓடின. எதிர்க் கொட்டடியில் பாபு வெளியே நின்று எட்டிப் பார்க்க, அங்கே தினம் ஒருவன் வழுக்கி விழுந்துகொண்டிருந்தான். இங்கே ஒருவரும் விழவில்லை.

கோதாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாரந்தோறும் வந்து முற்றத்தில் உட்கார்ந்து, சாம்சனின் குரல் அவ்வளவு தூரம் எட்டாததற்கு அவருடைய மென்மைதான் காரணம் என்று எண்ணிக் குறித்துக்கொண்டாள். இடைக்கால அறிக்கையில், 'இயல்பிலேயே மென்மையாகப் பேசும் காவலர்' என்று ஒரு பத்தி எழுதி மேலிடத்துக்கும் அனுப்பிவிட்டாள். அதைப் படித்த உயரதிகாரி ஒருவர், நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று சென்னையிலிருந்து கிளம்பி வந்தார்.

அன்று முற்றம் பெருக்கிக் கோலப்பொடிகூடத் தூவியிருந்தது. அதிகாரி முற்றத்து நடுவில், சாக்கடை மூடியின் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே சாம்சன், வெளியே இராமச்சந்திரன், அருகில் கோதா. சாம்சன் கையை அசைக்க அசைக்க, கொட்டடி மொத்தமும் சத்தமில்லாமல் வரிசையாகி, திரும்பி, நின்றது.

"அற்புதம்" என்றார் அதிகாரி.

அப்போதுதான் சாக்கடை மூடியின் ஓட்டை வழியாக ஒரு சாரைப்பாம்பு தலையை நீட்டியது. சுற்றியுள்ள ஏரிகளை எல்லாம் தொழிற்பேட்டைக்காக மேடாக்கிய பிறகு, அதுவும்தான் எங்கே போகும்? நிதானமாக வெளியே வந்து அதிகாரியின் பூட்ஸை நோக்கி நகர்ந்தது. கம்பிக்குள்ளிருந்த சாம்சன் கண்ணில் மட்டும்தான் அது பட்டது.

அவர் முட்டியை உயர்த்தினார். கைதிகள் எல்லாரும் சிலையானார்கள். அதிகாரி மகிழ்ந்து, பதிலுக்கு ஒரு சல்யூட் அடித்தார். சாம்சன் இரண்டு கையாலும் கீழே கீழே என்று காட்டினார். கைதிகள் சடாரென்று உட்கார்ந்தார்கள். சாம்சன் பதறிப்போய், அதிகாரியின் காலையே விரலால் சுட்டிச் சுட்டிக் காட்டினார். கைதிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரத்தினத்துக்குத்தான் முதலில் புரிந்தது, அல்லது புரிந்ததாகப் பட்டது. அவர் நெடுஞ்சாண்கிடையாக அதிகாரியின் திசையில் விழுந்தார். மொத்தக் கொட்டடியும் விழுந்தது.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "வேண்டாம்ப்பா, இதெல்லாம் எதுக்கு, எழுந்திரிங்க" என்று ஒரு அடி முன்னால் வைத்தார். பாம்பு தலையைத் தூக்கியது.

"ஐயா! காலத் தூக்கு! பாம்பு!"

தொண்டைக்குள் அத்தனை நாள் அடைபட்டுக் கிடந்தது மொத்தமும் ஒரே மூச்சில் வந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. புறாக்கள் பறந்தன. எதிர்க் கொட்டடியில் எல்லாரும் பழைய ஞாபகத்தில் சுவரோரம் ஒடுங்கினார்கள். பாபு சாவிக்கொத்தைக் கீழே போட்டார். அதிகாரி எப்படிப் பெஞ்சு மேல் ஏறினார் என்பதை யாரும் பார்க்கவில்லை. ஏறின பிறகுதான் பார்த்தார்கள். எல்லாரையும்விட அதிகம் பயந்த பாம்பு, வந்த ஓட்டை வழியாகவே திரும்பிப் போய்விட்டது. அதிகாரி, "நல்லது, நல்லது, தொடர்ந்து செய்யுங்க" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சிலிருந்து இறங்கி நேராக ஜீப்பில் ஏறினார்.

கோதா மட்டும் இராமச்சந்திரன் பக்கம் திரும்பினாள். "யாரு சார் கத்தினது?"

"இடி மேடம்" என்றார் இராமச்சந்திரன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

சாம்சன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "நான்தான் மேடம். இதான் என்னோட சொந்தக் கொரலு. இத்தன நாளா தொண்ட கட்டிக்கினு இருந்துச்சி." மெதுவாகத்தான் சொன்னார். தெருவில் போன ஒரு சைக்கிள்காரர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"எங்கப்பா கோயில்ல கோஷ்டியோட சேவிக்கறவர்" என்றாள் கோதா. "அவருக்குக்கூட இப்படி ஒரு குரல் இல்ல." சொல்லிவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "சண்டை குறைஞ்சது நீங்க உள்ள இருந்ததாலயா, இல்ல உங்களுக்குப் பேச்சு வராததாலயா? எனக்கு எப்படித் தெரியும் இப்ப? குலுக்கிப் போட்டதாவது ஒழுங்கா நடந்ததா?"

இராமச்சந்திரன் தொண்டையைச் செருமினார். "குலுக்கினது நெசம் மேடம். எல்லாச் சீட்டுலயும் சாம்சன் பேருதான் இருந்துச்சி."

கோதா முகத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சாம்சன் நினைத்தார். "மேடம், நான் வேணும்னா திரும்பவும் கபடிக்கி..." என்று ஆரம்பித்தார். அவள் கையை எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வந்து, மேலிடத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டதாகச் சொன்னாள். ஆராய்ச்சி முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை சீட்டு எழுதி, மடித்து, குலுக்கி, எடுத்ததெல்லாம் அவளே. வந்தது பாபுவின் பெயர். பாபு ஜோசியக்காரரைப் புகழ்ந்துகொண்டே உள்ளே போனார்.

சாம்சன் பழையபடி வெளியே, எதிர்க் கொட்டடிக்குக் காவல். குரல் திரும்பிவிட்டது, பெஞ்சும் பேப்பரும் இருந்தன. ஆனால் பேப்பரில் மனம் நிற்கவில்லை. உள்ளே சத்தம் கேட்டால், "அங்க இன்னாடா சத்தம்?" என்பார். அடங்கும். முன்பெல்லாம் அதோடு வேலை முடிந்தது. இப்போது, என்னவாக இருந்திருக்கும் என்று அரித்துக்கொண்டே இருந்தது. எழுந்துபோய்க் கம்பி வழியே எட்டிப் பார்ப்பார். எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள். மறுநாள் ஒருவனுக்குப் பல் ஆடும். "வழுக்கி..." என்று தொடங்குவான். "போதும்டா" என்பார் சாம்சன்.

பாபுவின் பக்கமோ தாயக்கட்டத்தில் மூழ்கியிருந்தது. பயந்து பயந்து உள்ளே போன மனிதர், முதல் வாரத்திலேயே ரத்தினத்திடம் தோற்றுத் தோற்று வெறியாகி, டூட்டி முடிந்தும் வெளியே வர மறுத்தார். கைதிகள் அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பதில் மும்முரமாக இருந்ததால் அடித்துக்கொள்ள நேரமில்லை. சண்டை முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. சாம்சன் ஊமையாக இருந்த நாட்கள் அளவுக்குக் குறையவில்லை.

கோதா தன் ஆய்வேட்டில் அப்படியே எழுதினாள். காவலர் உள்ளே இருப்பது பயன் தருகிறது, கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் பயன் தரலாம், ஆனால் ஒரு சின்னச் சிறையையும் இரண்டு வார்டர்களையும் வைத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது என்று. பாம்பு வந்த பகுதியை அவள் பின்னிணைப்பில் போட்டிருந்தாள். ஆய்வேட்டை மதிப்பிட வந்தவர்கள் அதைத்தான் இரண்டு தடவை படித்தார்களாம்.

ஆராய்ச்சி முடிந்த திங்கட்கிழமை சாம்சன் கண்காணிப்பாளர் முன் போய் நின்றார். தன்னால் முடிந்த அளவு தணிந்த குரலில், "ஐயா, என்ன உள்ளயே போடுங்க" என்றார்.

"எதுக்குய்யா? அந்தப் பொண்ணுதான் போயிடுச்சே?"

"வெளிய நின்னா ஒண்ணுமே தெரியலிங்க. இசக்கிக்கு ஜாமீன் ஆச்சான்னுகூட எவனோ சொல்லித்தான் தெரிஞ்சிக்கிறேன்." இசக்கிக்கு ஜாமீன் கிடைத்திருந்தது. அவன் அம்மாவே நேரில் வந்து, இந்த முறை வழி கேட்டு, கூட்டிப்போனாள்.

இராமச்சந்திரன் சாவியை எடுத்துக் கொடுத்தார். பாபு மட்டும், தாயம் பாதியில் நிற்கிறது என்று முனகிக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று மதியம் புதிதாக ஒருவன் ரிமாண்டில் வந்தான். முதல் தடவை போலிருக்கிறது, முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கதவைத் திறந்து அவனை உள்ளே விட்டு மறுபடி பூட்டினார்கள். அவன் சுற்றிலும் பார்த்தான். காக்கி உடுப்போடு கம்பிக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்த சாம்சனைக் கண்டதும் அவனுக்கு ஏனோ கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. மெல்ல நகர்ந்து பக்கத்தில் போய், "சார், உங்களையே உள்ள வெச்சிட்டாங்களா?" என்று கேட்டான். "லஞ்சக் கேஸா?"

"ஆமாம்பா, ஜாமீன்கூடக் குடுக்கல" என்றார் மூலையிலிருந்த ரத்தினம்.

கொட்டடியே சிரித்தது. சாம்சனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, பக்கத்துத் தரையைக் கையால் தட்டிக் காட்டினார்.

"என்னுது கெடக்குது, வுடு. ஒக்காரு. உன்னுது இன்னா கேஸு, சொல்லு."